ஓரத்தில் அச்சிட்ட எண்

பூமிக்கு எத்தனை வயது என்று என்னிடம் ஒருவர் கேட்டார். சும்மா கேட்கவில்லை. சரியாகச் சொன்னால் ஞானஸ்நானம், சொல்லாவிட்டால் இல்லை என்று கேட்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், மலாயாவில், ஈப்போவில், ஒரு தமிழ்ச் சபையின் பின்னறையில் வைத்துக் கேட்டார். எனக்கு அப்போது இருபத்திரண்டு இருக்கலாம். என் வயதையே யாரும் எழுதி வைக்கவில்லை. பூமியின் வயதுக்கு நான் எங்கே போக?

நான் கல்லுடைக்கிறவள். பாகான் டத்தோ பக்கம் கடலோரத் தென்னந்தோட்டத்தில் வளர்ந்து, பீடோரில் கித்தா என்கிற ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டி, கித்தா விலை விழுந்து ஆட்களைக் குறைத்தபோது, ஈப்போவிலிருந்து கோலா கங்சார் போகிற சாலையோரக் கல்லுமலைக்குப் புருஷனோடு வந்து சேர்ந்தவள். ஆண்கள் மலையில் துளை போட்டு மருந்து வைத்து வெடிப்பார்கள். விழுகிற பாறையைச் சம்மட்டியால் பிளந்து எங்கள் பக்கம் உருட்டிவிடுவார்கள். பெண்கள் நாங்கள் அத்தாப்பு ஓலைக் கூரையின் கீழே வரிசையாக உட்கார்ந்து, பாதத்தால் கல்லை அணைத்துப் பிடித்து, சின்னச் சுத்தியலால் முட்டையளவுக்கு உடைத்து மரப்பெட்டியில் நிரப்புவோம். அன்று பேராக்கில் போட்ட சாலைகளில் எத்தனையோ மைல் என் சுத்தியல் பட்ட கல்தான். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

ஞானஸ்நானம் எனக்கு எதற்கு என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பீடோரில் கங்காணி வீட்டுப் பின்வாசலில் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால், குனிந்து இரண்டு கையையும் குவித்து நிற்க வேண்டும், மேலேயிருந்து ஊற்றுவார்கள். செம்பு நம்மேல் பட்டுவிடக் கூடாது. என் அம்மா அப்படிக் குடித்தாள், நானும் அப்படித்தான் குடித்தேன். தண்ணீர் மூக்கில் ஏறிப் புரைக்கும்போது அந்த வீட்டுப் பெண்கள் சிரிப்பார்கள். என் புருஷன் ஏற்கெனவே கிறிஸ்தவர். தோட்டத்துக்கு வந்த ஒரு உபதேசியாரிடம் ஞானஸ்நானம் பெற்றவர். கல்யாணமான புதிதில் அவரோடு ஈப்போ சபைக்குப் போய்க் கடைசியில் பாயில் உட்கார்ந்திருந்தேன். திருவிருந்து நடந்தது. வெள்ளிக் கிண்ணம் ஒன்று, ஒன்றே ஒன்று, வாயிலிருந்து வாய்க்குப் போனது. ஆபீசில் எழுத்து வேலை பார்க்கிற, கோட்டு போட்ட கிராணிமார் குடித்தார்கள். அவர்கள் மனைவிமார் குடித்தார்கள். கடைசியில் கல்லுமலையிலிருந்து போன என் புருஷனும் அதே கிண்ணத்தில் வாய் வைத்துக் குடித்தார். அந்தக் கிண்ணத்தில் நானும் வாய் வைக்க வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். இந்தக் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போன ஆண்டவர் யாரோ, அவர்தான் என் ஆண்டவர்.

ஆனால் நான் குருடி இல்லை. கிண்ணம் எப்போதும் முன் பெஞ்சில்தான் தொடங்கியது. பெஞ்சுக்காரர்கள் எல்லோரும் குடித்த பிறகுதான் பாய்க்காரர்களுக்கு வந்தது. எங்களுக்குப் பிறகு அவர்கள் குடிக்க வேண்டிய கட்டாயம் ஒருநாளும் வராது. ஒரே ஒரு விலக்கு இருந்தது. ஞானஸ்நானம் பெறுகிற நாளில், புதிதாகப் பெற்றவருக்கே முதல் கிண்ணம். சபையைத் தொடங்கிய வெள்ளைக்காரப் பாதிரியார் வைத்த வழக்கம் அது. அதை மாற்ற யாருக்கும் துணிவில்லை. அதுவரை அந்தக் கோயிலில் அப்படி முதலில் குடித்தவர்கள் எல்லோரும் பெஞ்சு வீடுகளின் உறவுக்காரர்கள்தான். அந்த ஆண்டு பெயர் கொடுத்தவள் நான் ஒருத்தி. எனக்குப் பின்னால் சபை முழுதும் குடிக்க வேண்டும். இதை நான் எண்ணிப் பார்த்தேன். பெஞ்சுக்காரர்களும் எண்ணிப் பார்த்திருப்பார்கள்.

ஆயத்த வகுப்பை நடத்தியவர் சபையின் மூப்பர். யாழ்ப்பாணத்துக்காரர், சுரங்கக் கம்பெனி ஒன்றில் பெரிய கிராணி, ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். புதன்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து நான் கல் தூசியோடு போவேன். அவர் வெள்ளைக் கோட்டோடு உட்கார்ந்திருப்பார். பத்துக் கேள்விகளை எழுதி வைத்திருந்தார். முதல் கேள்வி, உலகத்தைப் படைத்தவர் யார். பதில் சொன்னேன். இரண்டாவது, எப்போது படைத்தார்.

"ஆதியில" என்றேன்.

"அது காணாது. ஆண்டு சொல்ல வேணும். கிறிஸ்து பிறக்க நாலாயிரத்து நாலு வருஷத்துக்கு முன்னம். சொல்லு."

தன் ஆங்கில வேதத்தைத் திறந்து முதல் பக்கத்தைக் காட்டினார். ஓரத்தில் சின்ன எழுத்தில் அந்த எண் அச்சாகியிருந்தது. கருந்தோல் அட்டை, பொன் முலாம் பூசிய விளிம்பு. அப்படிப்பட்ட புத்தகத்தில் அச்சாகியிருப்பதைச் சந்தேகப்பட அவருக்கு வழியே இல்லை.

வேறு எந்த வாரமாக இருந்தாலும் நான் சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். நாலாயிரத்து நாலு என்றால் என்ன, நாற்பதாயிரம் என்றால் என்ன? ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்புதான் மலையின் அடிப்பக்கத்தில் புதிதாக வெடித்த சுண்ணாம்புக் கல் ஒன்று என் காலடிக்கு உருண்டு வந்தது. ஓர் அடியில் இரண்டாகப் பிளந்தது. உள்ளே சிப்பி. ஒன்று இரண்டு இல்லை. அவல் இறைத்த மாதிரி சிப்பியும், சங்கு போலச் சுருண்டதும், எல்லாம் கல்லாகிக் கிடந்தன. பக்கத்துப் பெண் "ஐயையோ அக்கா, பேய்க் கல்லு" என்று தள்ளி உட்கார்ந்தாள். எனக்குப் பயம் வரவில்லை. எனக்கு அது தெரிந்த விஷயம்.

பாகான் டத்தோ சேற்றில் கெராங் சிப்பி பொறுக்கி வளர்ந்தவள் நான். கெராங் எப்படிப் பிறக்கும், எப்படிச் சாகும், செத்த ஓட்டின் மேல் எப்படிச் சேறு படியும் என்று என் கை அறியும். அலை ஒதுங்குகிற மேட்டை முழங்கை ஆழம் தோண்டினால் பழைய ஓடு வரும். அதன் மேல் ஒரு சாண் சேறு ஏற எத்தனை காலம் ஆகும் என்று அங்கிருந்த மலாய்க்காரப் பெண்கள் சொல்வார்கள். அவர்கள் தாய் காலத்தில் சேற்றில் நட்ட மரக்கம்பம் இன்னும் பாதி வெளியே நின்றது. இந்த மலையோ ஈப்போவில், கடலிலிருந்து அத்தனை தூரத்தில், தென்னைக்கு மேல் தென்னை வைத்தாலும் எட்டாத உயரத்தில் நிற்கிறது. அதன் அடிவயிற்றில் சிப்பி. நான் கெட்டிக்காரி என்று சொல்லவில்லை. உடைத்தேன், கண்டேன், அவ்வளவுதான்.

"எனக்கு அந்த வருஷம் தெரியாதுங்க ஐயா" என்றேன்.

"நான் இப்ப சொல்லித் தந்தனானே!"

"நீங்க சொல்றீங்க. ஆனா அது உண்மைதான்னு நான் ஆண்டவர் முன்னால சொல்லணும்ல? எனக்கு அது உண்மையாத் தெரியலீங்க."

அடுத்த புதன்கிழமை அந்தக் கல்லின் ஒரு பாதியை முந்தானையில் கட்டிக்கொண்டு போய் அவர் மேசையில் வைத்தேன். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தக் கேள்வி தனக்குப் புதிதில்லை என்கிற சிரிப்பு.

"ஜலப்பிரளயம்" என்றார். "வெள்ளம் மலையெல்லாம் மூடினது. அப்ப வந்தது இது."

"வெள்ளம் ஒதுக்கின குப்பைய நான் பாத்திருக்கேங்க. மரம், மட்டை, கோழிக்கூடு எல்லாம் சேந்து உடைஞ்சு கலங்கிக் கெடக்கும். இது அப்படி இல்ல. பெருசும் சிறுசுமா, தாயும் பிள்ளையுமா, வளந்த எடத்துலயே படுத்திருக்கு. இதுக்கு மேல ஒரு வரி, அதுக்கு மேல இன்னொரு வரி. ஒரு வெள்ளத்துல முடியிற வேலையா இது?"

"நீ எங்க படிச்சனீ?"

"படிக்கலீங்க. உடைச்சேன்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கும் வந்தது. பத்தில் ஒன்பது கேள்விக்குப் பதில் சொன்னாலும் இரண்டாவது கேள்விக்குச் சொல்லாமல் என் பெயர் பட்டியலில் ஏறாது என்றார். அடுத்த மூன்று மாதத்தில் போதகர் வருவார், அதற்குள் புத்தி வந்தால் வரச் சொன்னார்.

கல்லுமலையில் இந்தக் கதை பரவாமல் இருக்குமா? மண்டோர் வந்தார். எங்கள் வேலையை மேற்பார்வையிடுகிறவர். சாமி பூதம் எதிலும் நம்பிக்கை இல்லாதவர். துரை ஒருநாள் இந்த மலைக்குக் கோடிக்கணக்கான வயது என்று சொன்னதாக அவருக்கு நினைவு.

"அப்ப அந்த வேதம் பொய்னு ஒத்துக்கிட்டே. இனிமே எதுக்கு ஈப்போவுக்கு நடக்கிற? ஞாயித்துக்கெழமையும் பெட்டி நெறைக்கலாம்லா."

மூப்பரிடம் வந்த கோபத்தைவிட இவரிடம் அதிகமாக வந்தது.

"வேதம் பொய்னு யாரு சொன்னா? நாலாயிரத்து நாலுன்னு சொல்ல மாட்டேன்னுதான் சொன்னேன். கோடி வருஷம் ஆச்சுன்னா ஆகட்டும். எங்க ஆண்டவருக்கு என்ன, பொழுது சாயறதுக்குள்ள பெட்டி நெறைக்கணுமா? பின்னால உங்கள மாதிரி ஒரு மண்டோரு நிக்கிறாரா?"

பெண்கள் சுத்தியலை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். மண்டோர் அன்று மிகக் கெட்டியான பாறைகளாகப் பார்த்து என் பக்கம் உருட்டச் சொன்னார். உடைத்தேன்.

மூப்பர் ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு இதுதான் வேதம் என்றார். மண்டோர் அதே எண்ணைப் பிடித்துக்கொண்டு இது பொய், அதனால் வேதமும் பொய் என்றார். இரண்டு பேருக்கும் அந்த எண் வேண்டியிருந்தது. எனக்கு மட்டும் வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் இருந்தவருக்குத்தான் கவலை. என் புருஷன் சண்டைக்காரர் அல்ல.

"நாலாயிரத்து நாலுன்னு சொல்லிட்டுத்தான் போயேன் புள்ள. நாக்கு தேஞ்சா போகும்?"

"உள்ள போற வாசல்லயே ஒரு பொய்யச் சொல்லிட்டுப் போகச் சொல்றீங்களா? அதுக்கு அந்தக் கங்காணி வீட்டுத் தண்ணியே போதுமே."

அவர் தன்னிடமிருந்த தமிழ் வேதத்தை எடுத்து என் மடியில் வைத்தார். எனக்கு எழுத்து கூட்டத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் லயத்து வாசலில் உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி வாசித்தேன். முதல் பக்கத்திலேயே தேடினேன். வசனத்தில் இல்லை. ஓரத்தில் பார்த்தேன், எங்கள் புத்தகத்தின் ஓரம் வெறும் வெள்ளையாக இருந்தது. முதல் புத்தகம் முழுதும் வாசித்தேன். இன்னார் இத்தனை வயதில் இன்னாரைப் பெற்றார் என்று வந்ததே தவிர, எல்லாவற்றையும் கூட்டி ஒரு தொகை போட்ட இடம் எங்கும் இல்லை. எனக்குச் சந்தோஷம் பொறுக்க முடியவில்லை. புத்தகத்தை மூடிவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன்.

அடுத்த புதன்கிழமை போய் அதைச் சொன்னேன். கூட்டினால் அந்த எண் வரும் என்றார் மூப்பர். கூட்ட வேண்டும் என்றால் ஆண்டவரே கூட்டியிருக்க மாட்டாரா என்று கேட்டேன். ஆறு நாள் என்று தெளிவாக இருக்கிறதே என்றார். சூரியனை நாலாம் நாள்தானே படைத்தார், முதல் மூன்று நாள் எதை வைத்துப் பொழுது விடிந்தது, யார் பெரட்டு அடித்தது என்று கேட்டேன். தோட்டத்தில் விடியலில் ஆள் கூப்பிடுகிற பெரட்டு அவருக்கும் தெரியும். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"என்ர மகன் கல்கத்தாவில படிச்சவன்" என்றார். "முதல் கடிதத்தில பூமிக்கு வயசு கோடி எண்டு எழுதினான். நான் அது பிழை, ரெண்டில ஒண்டைப் பிடி எண்டு பதில் போட்டன். அடுத்த கடிதத்தில கர்த்தரே இல்லை எண்டு எழுதினான். பிறகு கடிதம் இல்லை. ஒரு எண்ணை விட்டால் எல்லாம் போகும், பிள்ளை. நான் கண்டவன்."

அவர் என்னைப் பிள்ளை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். என் வாய் மூடாது.

"அவரு போனது கல்லாலயோ எண்ணாலயோ இல்லீங்க ஐயா. ரெண்டுல ஒண்ண எடுன்னு நீங்க சொன்னீங்க. அவரு எடுத்துட்டாரு."

மூப்பர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "போ" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. வீடு வரைக்கும் எனக்கு மனசு கனத்தது. ஒரு தகப்பனை அப்படி அடித்திருக்கக் கூடாது. ஆனால் சொன்னது பொய் இல்லை. அதனால் திரும்பப் போய் மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

போதகர் வரும் ஞாயிறு வந்தது. தோட்டம் தோட்டமாகச் சுற்றி மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஈப்போவுக்கு வருகிற திருநெல்வேலிக்காரர். பட்டியலில் பெயர் இல்லாமலே வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு போய் முன்னால் நின்றேன். என் புருஷன் பாயில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். பெஞ்சுகளில் விசிறி நின்றுவிட்டது.

போதகர் என்னைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், மூப்பரைப் பார்த்தார்.

"இவ இன்னும் ஆயத்தமில்லை ஐயா" என்று மூப்பர் எழுந்தார். "உலகம் எப்ப படைக்கப்பட்டது எண்டு சொல்ல மறுக்கிறா."

"ஆண்டவர் படைச்சாருன்னு சொல்றேங்க" என்றேன். "எப்பன்னு வேதத்துல இருந்தா அதையும் சொல்றேன். மூப்பர் ஐயா அவரு புத்தகத்தையே எடுத்து, அந்த வருஷத்த வசனத்திலிருந்து தமிழ்ல வாசிச்சுக் காட்டட்டும். வாசிச்சா இப்பவே, இங்கேயே சொல்லிடறேன்."

போதகர் தன் தமிழ் வேதத்தின் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மூப்பரைப் பார்த்துத் தலையசைத்தார். மூப்பர் அந்தக் கருந்தோல் புத்தகத்தோடு முன்னே வந்தார்.

முதல் வசனத்தைத் தமிழில் சொன்னார். அவர் கண் ஓரத்துக்குப் போனதை நான் பார்த்தேன். வாய் திறந்தது. அந்த நொடியில் அவர் நினைத்திருந்தால் எண்ணையும் சேர்த்தே வாசித்திருக்கலாம். பாயில் இருந்தவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. பெஞ்சில் தெரிந்தவர்கள் எல்லோரும் அவர் பக்கம். என்னைத் துரத்த அதைவிட எளிய வழி அவருக்குக் கிடைத்திருக்காது.

"வசனம் இவ்வளவுதான்" என்றார். "எண் ஓரத்தில கிடக்கு. அது மனுசர் போட்டது."

சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடினார். அந்த மனிதரை நான் எத்தனை தடவை மனசுக்குள் திட்டியிருக்கிறேன். அன்று அவரை நிமிர்ந்து பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

"அப்போ அதை நான் கேட்க முடியாது" என்றார் போதகர். மற்றக் கேள்விகளைக் கேட்டார். சொன்னேன். என் தலையில் மூன்று முறை தண்ணீர் ஊற்றினார். மேலேயிருந்து ஊற்றிய தண்ணீர்தான், ஆனால் இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

பிறகு திருவிருந்து. புதியவளுக்கு முதல் கிண்ணம். தனியாகப் போய் முழங்கால் போட்டேன். போதகர் கிண்ணத்தை என் கையிலேயே கொடுத்தார். விளிம்பில் வாய் வைத்தேன். புளிப்பும் இனிப்புமாக இருந்தது. இரண்டு கையாலும் பிடித்து, அவசரப்படாமல் குடித்தேன்.

வழக்கப்படி முன் பெஞ்சு எழுந்து வர வேண்டும். யாரும் எழவில்லை. பாயில் இருந்தவர்களும், தங்கள் முறை கடைசி என்பதால், எழவில்லை. போதகர் கிண்ணத்தோடு நின்றார். அவர் கையிலிருந்த வெள்ளைத் துணியைப் பார்த்து, இப்போது துடைப்பார், துடைத்தால் வருவார்கள் என்று நினைத்தேன். இது ஒன்றும் புதுத் துக்கம் இல்லை; அந்தக் கங்காணி வீட்டுச் செம்புதான், வெள்ளியில் செய்தது, அவ்வளவே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் செருப்பில்லாத காலடி கேட்டது. மூப்பர் வந்து என் பக்கத்தில் முழங்கால் போட்டார். அவருக்கு மூட்டு வலி. கிராதியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் இறங்க முடிந்தது. தலையைத் திருப்பாமல், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"நாலாயிரத்து நாலுதான், பிள்ளை."

"எனக்குத் தெரியாதுங்க ஐயா" என்றேன்.

போதகர் கிண்ணத்தின் விளிம்புக்குத் துணியைக் கொண்டுபோனார். மூப்பர் கையை நீட்டித் துணியை விலக்கினார். கிண்ணத்தை வாங்கி, நான் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்துக் குடித்தார்.

அதற்குப் பிறகு ஒரு பெஞ்சு எழுந்தது. இன்னொன்று எழுந்தது. மூன்று குடும்பங்கள் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போயின. குடித்தவர்கள் எழுந்து தங்கள் இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது முறை. நான் எழவில்லை. யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு, கடைசி ஆள் குடித்து முடிக்கிற வரைக்கும் அங்கேயே முழங்காலில் இருந்தேன்.